இப்பவே ஒன்றா, பொறுத்தால் நான்கா? எலியின் மூளைக்குள் ஒரு கணக்கு

மதிய உணவு நேரம். உணவங்காடி நிலையத்தில் உங்களுக்குப் பிடித்த கடையில் நீளமான வரிசை. எப்படியும் 20 நிமிடம் ஆகும். பக்கத்துக் கடையில் ஆளே இல்லை. ஆனால் அங்கே சாப்பாடு சுமார்தான்.

நிற்பீர்களா, நகர்வீர்களா?

முடிவெடுக்க உங்களுக்குச் சில விநாடிகள் போதும். அதற்குள் உங்கள் மூளை இரண்டு கணக்குகளைப் போட்டு முடித்திருக்கும். ஒன்று, 'எவ்வளவு நேரம் ஆகும்?' இன்னொன்று, 'அவ்வளவு நேரம் நிற்கும் அளவுக்கு இது தகுமா?'

இந்தக் கணக்குகள் மூளையில் எங்கே நடக்கின்றன? எந்த வேதிப்பொருள் அவற்றை மாற்றுகிறது? விஞ்ஞானிகளுக்கு இதுவரை கிடைத்த பதில்களில் பெரும்பகுதி எலிகளிடமிருந்து வந்தவை.

"உனக்குப் பொறுமையே இல்லை" என்று வீட்டில் திட்டு வாங்கியவரா நீங்கள்? அப்படியானால் இது உங்களுக்குத்தான்.

எலியிடம் எப்படிக் கேள்வி கேட்பது?

எலியிடம் வாய்விட்டுக் கேட்க முடியாது. அதனால் ஒரு பெட்டிக்குள் இரண்டு நெம்புகோல்களை வைக்கிறார்கள்.

- ஒன்றை அழுத்தினால் உடனே 1 உணவு உருண்டை.
- மற்றொன்றை அழுத்தினால் 4 உருண்டை. ஆனால் காத்திருக்க வேண்டும்.

முதலில் காத்திருப்பு நேரம் பூஜ்யம். எலிகள் பெரும்பாலும் நான்கைத்தான் விரும்பும். பிறகு அது 10 விநாடி, 20, 40, 60 என்று கூடிக்கொண்டே போகும். ஏதோ ஒரு கட்டத்தில் எலி 'போதும்பா' என்று ஒன்றுக்கு மாறிவிடும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. எலி எதைத் தேர்ந்தெடுத்தாலும் அடுத்த சுற்று தொடங்கும் நேரம் மாறாது. அதாவது, சின்ன உருண்டையைச் சீக்கிரம் சாப்பிட்டுவிட்டு அதிகச் சுற்றுகள் ஆடிவிடலாம் என்ற வழியே இல்லை. கணக்குப்படி பார்த்தால் காத்திருப்பதுதான் எப்போதும் லாபம். இருந்தும் எலிகள் மாறுகின்றன.

நேரம் கூடக்கூட வெகுமதியின் மதிப்பு மனத்தில் குறைந்துகொண்டே போவதுதான் காரணம். ஆனால் அது ஒரே சீராகக் குறைவதில்லை. தொடக்கத்தில் மளமளவென்று சரியும், பிறகு மெதுவாக இறங்கும்.

மனிதர்களிடமும் இதே சரிவு உண்டு. 'இன்று 10 வெள்ளியா, நாளை 12 வெள்ளியா?' என்று கேட்டால் பலர் இன்றே வாங்கிக்கொள்வார்கள். 'முப்பது நாள் கழித்து 10 வெள்ளியா, முப்பத்தோராவது நாள் 12 வெள்ளியா?' என்று கேட்டால் அதே ஆட்கள், 'ஒரு நாள்தானே, பொறுத்துக்கொள்கிறேன்' என்பார்கள்.

காலை 6 மணிக்கு எழ வேண்டும் என்று இரவில் அலாரம் வைப்பவர் நீங்கள். காலையில் அதை அணைத்துவிட்டுத் தூங்குபவரும் நீங்களேதான். வெகுமதி பக்கத்தில் வந்ததும் மனம் மாறிவிடுகிறது.

மூளையில் எங்கே இந்தப் போராட்டம்?

2001ஆம் ஆண்டு, பிரிட்டனின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'சயன்ஸ்' சஞ்சிகையில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அவர்கள் கவனித்த இடம் நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ். மூளையின் ஆழத்தில் இருக்கும் ஒரு சிறிய பகுதி அது.

அந்தப் பகுதியின் மையம் பாதிக்கப்பட்ட எலிகள் பெரும்பாலும் உடனே கிடைக்கும் சின்ன வெகுமதியையே தேடிப் போயின. காத்திருப்பு அவற்றுக்குப் பெரும் சுமையானது.

'ஒருவேளை, நான்கு என்பது ஒன்றைவிடப் பெரியது என்பதே அவற்றுக்கு மறந்துபோயிருக்குமோ?' நியாயமான கேள்வி. அதே குழு பின்னர் செய்த சோதனையில் அந்த எலிகளால் வெகுமதியின் அளவைப் பிரித்தறிய முடிந்தது தெரியவந்தது. அளவு தெரிந்தது. தாமதத்தைத்தான் தாங்க முடியவில்லை.

அந்த ஒரு பகுதி மட்டும் எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை. இன்னும் இரண்டு பகுதிகளை அறிந்துகொள்வது நல்லது.

அமிக்டலா: உணர்வுகளோடு தொடர்புடைய பகுதி. இதன் ஒரு பிரிவு பாதிக்கப்பட்டபோதும் எலிகளின் அவசரம் கூடியது. தூரத்தில் இருக்கும் வெகுமதியின் ஈர்ப்பை மனத்தில் பிடித்து வைக்க அது உதவுவதாக ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

ஆர்பிட்டோஃப்ரன்டல் கார்டெக்ஸ்: கண்குழிக்குச் சற்று மேலே இருக்கும் முன்மூளைப் பகுதி. இங்கேதான் குழப்பம். 2002இல் வந்த ஓர் ஆய்வில் இந்தப் பகுதி பாதிக்கப்பட்ட எலிகள் அவசரக்காரர்களாக மாறின. 2004இல் வந்த இன்னோர் ஆய்விலோ அவை முன்பைவிடப் பொறுமைசாலிகள் ஆயின!

யார் சொல்வது சரி? இரண்டுமே சரியாக இருக்கலாம். முதல் ஆய்வில் எலிகள் விளையாட்டைக் கற்பதற்கு முன்பே மூளைப் பகுதி பாதிக்கப்பட்டது. இரண்டாவதில் கற்ற பிறகு. புதிதாக ஒன்றைக் கற்பதும், பழகிய ஒன்றை மாற்றிக்கொள்வதும் வேறு வேறு வேலைகள். 'மூளையின் இந்த இடம் பொறுமைக்கு, அந்த இடம் ஆசைக்கு' என்று வண்ணம் தீட்டிய படங்களைச் சமூக ஊடகத்தில் பார்த்தால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

டோப்பமைன்: 'இன்ப ரசாயனம்' என்பது சரியா?

நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வேதிப்பொருள்களைப் பயன்படுத்துகின்றன. அவற்றில் ரொம்பப் பிரபலமானது டோப்பமைன். 'கைத்தொலைபேசியைப் பார்த்தால் டோப்பமைன்', 'இனிப்பு சாப்பிட்டால் டோப்பமைன்' என்று கேட்டிருப்பீர்கள்.

ஆனால் அது வெறும் இன்பம் இல்லை.

டோப்பமைன் கிட்டத்தட்ட இல்லாமல் ஆக்கப்பட்ட எலிகளின் நாக்கில் இனிப்பு நீரைத் தடவியபோதும், ருசித்துச் சாப்பிடும்போது எலிகள் காட்டும் முகபாவனைகள் மாறவில்லை. பிடித்திருக்கிறது. ஆனால் அதைத் தேடிப் போகும் வேகம்தான் இல்லை. 'பிடிப்பது' வேறு, 'வேண்டும் என்று துடிப்பது' வேறு.

இன்னொரு சோதனையில் எலிகளுக்கு இரண்டு பாதைகள் தரப்பட்டன. ஒன்றில் நிறைய உணவு, ஆனால் நடுவில் ஏறித் தாண்ட வேண்டிய தடுப்பு. மற்றொன்றில் கொஞ்சம் உணவு, தடை ஏதும் இல்லை. சாதாரண எலிகள் தடுப்பைத் தாண்டின. அக்கும்பென்ஸில் டோப்பமைன் குறைக்கப்பட்ட எலிகள் சுலபமான பாதைக்கு மாறின. பசி போகவில்லை. 'கஷ்டப்படலாமா' என்ற கணக்குதான் மாறியது.

டோப்பமைனுக்கு இன்னொரு முக்கிய வேலையும் உண்டு. குரங்குகளிடம் செய்த ஆய்வுகளின் அடிப்படையில் 1997இல் வந்த ஒரு கட்டுரை அதை விளக்கியது. எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் டோப்பமைன் நரம்பணுக்கள் துடிக்கின்றன. எதிர்பார்த்தபடியே கிடைத்தால் பெரிய மாற்றம் இல்லை. எதிர்பார்த்தது வராவிட்டால், சரியாக அது வந்திருக்க வேண்டிய நொடியில், அவற்றின் செயல்பாடு சரிகிறது.

'சரியாக அந்த நொடியில்' என்பதைக் கவனித்தீர்களா? ஏமாற்றம் அடைய வேண்டுமென்றால் மூளைக்கு நேரம் தெரிந்திருக்க வேண்டும். வெகுமதிக் கணக்கும் கடிகாரமும் பின்னிப் பிணைந்தவை.

எலிக்குக் கைக்கடிகாரம் உண்டா?

ஒரு விளக்கு எரிந்து 20 விநாடி கழித்து நெம்புகோலை அழுத்தினால் உணவு. இதைப் பலமுறை பழகிய எலியிடம் ஒருநாள் விளக்கை மட்டும் எரியவிட்டு, உணவு தராமல் பார்ப்பார்கள்.

எலி முதலில் சும்மா இருக்கும். நேரம் நெருங்க நெருங்க வேகமாக அழுத்தும். ஏறக்குறைய 20ஆவது விநாடியில் வேகம் உச்சம் தொடும். பிறகு, 'இன்றைக்கு இல்லை போல' என்று குறைத்துக்கொள்ளும்.

பழக்கிய நேரம் நீளமானால் எலியின் தடுமாற்றமும் அதே விகிதத்தில் கூடும். நமக்கும் அப்படித்தான். ஒரு நிமிடத்தை ஊகிப்பதில் சில விநாடிகள் தவறலாம். ஒரு மணி நேரத்தை ஊகிக்கச் சொன்னால் நிமிடக்கணக்கில் தவறும்.

இந்தக் கடிகாரத்தை மருந்துகளால் முடுக்கவும் தளர்த்தவும் முடியும். டோப்பமைன் செயல்பாட்டைக் கூட்டும் மெத்தம்ஃபெட்டமின் கொடுக்கப்பட்ட எலிகள் உச்ச வேகத்தைச் சீக்கிரமே எட்டின. டோப்பமைனைத் தடுக்கும் ஹேலோபெரிடால் கொடுத்தால் தாமதமாக எட்டின. அதனால் 'டோப்பமைன் கூடினால் மூளைக் கடிகாரம் வேகமாக ஓடும்' என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது.

2016இல் போர்ச்சுகலின் லிஸ்பனில் இருக்கும் ஆய்வுக்குழு ஒன்று அதைக் கேள்விக்குள்ளாக்கியது. சுண்டெலிகளின் டோப்பமைன் நரம்பணுக்களை ஒளியால் தூண்டியபோது அவை நேரத்தைக் குறைத்து மதிப்பிட்டன. அதாவது கடிகாரம் மெதுவாக ஓடியது. பழைய கருத்துக்கு நேர்மாறு!

உடல் முழுவதும் பரவும் மருந்தும், கண நேரத்துக்குக் குறிப்பிட்ட நரம்பணுக்களை மட்டும் தொடும் ஒளியும் ஒன்றல்ல. இந்த முரண்பாடு இன்னும் முழுமையாகத் தீரவில்லை. ஆனால் 'பிடித்த வேலையில் மூழ்கினால் நேரம் போனதே தெரியவில்லை' என்ற நம் அனுபவத்தோடு இந்தப் புதிய முடிவு ஒத்துப்போகிறது.

மூளையைக் குளிரவைத்தால்?

அதே நகரத்திலிருந்து 2023இல் இன்னொரு சுவாரசியமான ஆய்வு வெளிவந்தது.

எலிகள் இரண்டு ஒலிகளைக் கேட்டன. நடுவில் இருந்த இடைவெளி 1.5 விநாடியைவிடக் குறைவா, அதிகமா என்று அவை சொல்ல வேண்டும். அப்போது ஸ்ட்ரையேட்டம் என்ற மூளைப் பகுதியை ஆய்வாளர்கள் லேசாகக் குளிரவைத்தார்கள் அல்லது சூடாக்கினார்கள்.

குளிரவைத்தபோது அங்கே நரம்பணுக்களின் செயல்பாட்டு வரிசை இழுத்துக்கொண்டே போனது. எலிகளுக்கும் நேரம் குறைவாகத் தோன்றியது. சூடாக்கியபோது எல்லாம் விரைவாக நடந்து முடிந்தது. எலிகளுக்கும் நேரம் கூடுதலாகத் தெரிந்தது. ஆனால் அவற்றின் உடல் அசைவுகளின் வேகத்தில் அதேபோன்ற மாற்றம் இல்லை.

மூளையில் 'டிக் டிக்' என்று அடிக்கும் ஒற்றைக் கடிகாரத்தைக் கற்பனை செய்ய வேண்டாம். வரிசையாகச் சாய்ந்துகொண்டே போகும் டோமினோ கட்டைகளை நினைத்துப் பாருங்கள். எத்தனை கட்டைகள் சாய்ந்தன என்பதை வைத்து நேரத்தைச் சொல்லிவிடலாம். அவை மெதுவாகச் சாய்ந்தால் நேரமும் குறைவாகவே ஆனதாகத் தோன்றும்.

செரட்டோனின்: காத்திருக்க உதவும் துணை

இப்போது பொறுமைக்கு வருவோம். ஜப்பானின் ஒக்கினாவா அறிவியல், தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக இதை ஆராய்ந்துவருகிறார்கள்.

மூளைத் தண்டில் டார்சல் ராஃபே என்று ஓர் இடம். செரட்டோனின் சுரக்கும் நரம்பணுக்கள் பல இங்கே இருக்கின்றன. எலிகள் உணவுக்காகவோ தண்ணீருக்காகவோ அசையாமல் காத்திருக்கும்போது இந்த நரம்பணுக்கள் கூடுதலாகச் செயல்படுவதை 2011இல் அவர்கள் கண்டனர். 2014இல் சுண்டெலிகளின் இந்த நரம்பணுக்களை ஒளியால் தூண்டினார்கள். அவை வழக்கத்தைவிட அதிக நேரம் காத்திருந்தன.

'அப்போ செரட்டோனின்தான் பொறுமை மருந்தா?' அவசரப்பட வேண்டாம்.

2018இல் அதே குழு வெகுமதி கிடைக்கும் வாய்ப்பை மாற்றிப் பார்த்தது. வாய்ப்பு 75 விழுக்காடாக இருந்தபோது தூண்டுதல் பொறுமையைக் கூட்டியது. 50 அல்லது 25 விழுக்காடாகக் குறைந்தபோது அதே தூண்டுதலால் பெரிய பலன் இல்லை.

இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். வரும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் செரட்டோனின் காத்திருக்க உதவுகிறது. நம்பிக்கை இல்லாத இடத்தில் பொறுமை பிறப்பதில்லை.

பொறுமையைக் கற்றுக்கொடுக்க முடியுமா?

எலிகளில் முடிந்திருக்கிறது. அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்தனர். நேரத்தைச் சரியாகக் கணிக்கத் தெரியாத எலிகள்தான் அவசரமாகவும் முடிவெடுத்தன. எனவே குறிப்பிட்ட இடைவெளிக்குப் பிறகே உணவு கிடைக்கும் பயிற்சியை எலிகளுக்குக் கொடுத்தார்கள். பயிற்சிக்குப் பிறகு அவை பெரிய வெகுமதிக்காகக் காத்திருப்பது கூடியது.

எவ்வளவு நேரம் என்று தெரிந்தால் காத்திருப்பது சுலபம். ரயில் நிலையத்தில் 'அடுத்த ரயில் 4 நிமிடத்தில்' என்ற பலகையைப் பார்த்ததும் மனம் அடங்குகிறதே, அதுபோலத்தான்.

சின்ன அடையாளம்கூட உதவும். கேம்பிரிட்ஜ் குழு 2000இல் வெளியிட்ட ஆய்வில், எலி காத்திருக்கும் நேரம் முழுக்க ஒரு விளக்கை எரியவிட்டார்கள். அந்த விளக்கு இருந்தபோது ஆம்ஃபெட்டமின் மருந்து எலிகளைப் பொறுமைசாலிகள் ஆக்கியது. விளக்கு இல்லாதபோது அதே மருந்து அவற்றின் அவசரத்தைக் கூட்டியது! ஒரே மருந்துதான். சூழல் மட்டும்தான் வேறு.

இதெல்லாம் நமக்கு எதற்கு?

முதலாவது, மருந்துகள். பார்க்கின்சன் நோயில் டோப்பமைன் சுரக்கும் நரம்பணுக்கள் அழிகின்றன. டோப்பமைனைப் போலவே செயல்படும் மருந்துகளைச் சாப்பிடும் சிலருக்குச் சூதாட்டம், கட்டுப்பாடின்றிப் பொருள் வாங்குவது போன்ற பழக்கங்கள் புதிதாகத் தொடங்கலாம். இது மருத்துவர்கள் அறிந்த பக்கவிளைவு. வீட்டில் தாத்தாவோ பாட்டியோ இப்படித் திடீரென மாறினால், 'வயதான காலத்தில் புத்தி கெட்டுப்போச்சு' என்று முடிவுகட்டாதீர்கள். மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

இரண்டாவது, போதைப் பழக்கம். 2007இல் வந்த கேம்பிரிட்ஜ் ஆய்வில், இயல்பாகவே அவசரப்படும் எலிகளின் மூளையில் டோப்பமைனை ஏற்கும் சில ஏற்பிகள் குறைவாக இருந்தன. அதுவும் அவை போதைப்பொருளைத் தொடுவதற்கு முன்பே. வாய்ப்புக் கிடைத்தபோது அவை கோக்கேய்னை அதிகமாக எடுத்துக்கொண்டன. சிலர் மற்றவர்களைவிட எளிதில் சிக்கிக்கொள்வதற்கு மன உறுதி மட்டும் காரணம் இல்லை என்பதை இது காட்டுகிறது.

மூன்றாவது, நாம் பிறரை எடைபோடும் விதம். ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய மார்ஷ்மெல்லோ சோதனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். இனிப்பைச் சாப்பிடாமல் பொறுத்திருந்தால் இன்னொன்று கிடைக்கும். 'காத்திருந்த பிள்ளைகள்தான் பிற்காலத்தில் முன்னேறினார்கள்' என்று எல்லாரும் சொல்வார்கள். 900க்கும் அதிகமான பிள்ளைகளைக் கொண்டு 2018இல் வெளியான ஆய்வு வேறு கதை சொன்னது. குடும்பப் பின்னணி போன்றவற்றைக் கணக்கில் எடுத்ததும் அந்தத் தொடர்பு வெகுவாகக் குறைந்துவிட்டது.

அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 28 பிள்ளைகளிடம் செய்த சோதனை இன்னும் நெருக்கமாகத் தொடுகிறது. சோதனைக்கு முன்பு ஒரு குழுவுக்குக் கொடுத்த வாக்கைப் பெரியவர் காப்பாற்றினார். இன்னொரு குழுவிடம் காப்பாற்றவில்லை. முதல் குழு சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தது. ஏமாந்த குழு 3 நிமிடம்தான்.

ஒக்கினாவா சுண்டெலிகள் ஞாபகம் வருகின்றனவா?

எங்கே கவனமாக இருக்க வேண்டும்?

- எலிகள் காத்திருப்பது விநாடிக்கணக்கில். நாம் பட்டத்துக்கும் வீட்டுக்கும் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறோம். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றாக இருக்கலாம். முழுக்க ஒன்றல்ல.
- 'டோப்பமைன் விரதம்' என்ற பெயரில் வரும் காணொளிகளை அப்படியே நம்ப வேண்டாம். சில நாள் கைத்தொலைபேசியைத் தள்ளிவைப்பது நல்ல பழக்கமாக இருக்கலாம். அதனால் மூளையில் டோப்பமைன் 'காலியாகி' மறுபடி நிரம்புவதில்லை.
- ஒரு வேதிப்பொருளுக்கு ஒரே வேலை என்று யாராவது சொன்னால், மேலே உள்ள முரண்பாடுகளை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

சரி, மறுபடியும் அந்த வரிசைக்கு வருவோம்.

அடுத்த முறை உங்களுக்கோ உங்கள் தம்பி தங்கைக்கோ பொறுமை போகும்போது, 'குணமே அப்படி' என்று சொல்வதற்கு முன்பு மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள். எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியுமா? காத்திருக்கும்போது கண்ணுக்குத் தெரியும் அடையாளம் ஏதாவது இருக்கிறதா? கடைசியில் அது கிடைக்கும் என்ற நம்பிக்கை இருக்கிறதா?

மூன்றுக்கும் 'இல்லை' என்பது பதிலாக இருந்தால், பக்கத்துக் கடைக்குப் போனவரைக் குறை சொல்ல முடியாது. தம்பியிடம் 'பொறு' என்று சொல்வதோடு நிறுத்தாமல் 'இன்னும் பத்து நிமிடம்' என்று சொல்லிப் பாருங்கள். சொன்ன அந்தப் பத்து நிமிடத்தை மறக்காமல் காப்பாற்றவும் செய்யுங்கள்.